ஹலால்கோர் வரியும் எங்கள் சொசைட்டி பைப்பும்

பேங்க்கில் வேலை பார்க்கிறவன் கிடைத்தால் அவன் தலையில் பொருளாளர் பதவியைக் கட்டிவிட வேண்டும் என்பது மும்பை ஹவுசிங் சொசைட்டிகளின் எழுதப்படாத சட்டம். முலுண்டுக்குக் குடிவந்த இரண்டாம் வருஷமே நானும் மாட்டிக்கொண்டேன். தண்ணீர் பில் சொசைட்டி பெயருக்கு மொத்தமாக வரும். வீடு வீடாகப் பங்கு பிரிப்பது என் தலையெழுத்து.

போன கமிட்டிக் கூட்டத்தில் ஒரு சின்னச் சண்டை. மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா, விழுப்புரம் பக்கத்துக்காரர், திரும்பிப் போகும்போது கீழே தோட்டத்துக் குழாயில் இரண்டு கேன் பிடித்துக்கொண்டு மலையோரக் குடிசைக்குப் போவார். "அந்தத் தண்ணிக்கு யார் காசு கட்டறது?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். கேட்டது என்னைப் பார்த்து. பதில் தேடப்போனவன் நூற்றைம்பது வருஷம் பின்னால் போய்விட்டேன்.

பழைய பம்பாயில் தண்ணீர் தர்மக் கணக்கில் இருந்தது. பணக்காரர்கள் குளம் வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள். தோபி தலாவ், கோவாலியா டேங்க், சி.பி. டேங்க் என்று பஸ் கண்டக்டர் கூவும் இடங்களில் இன்று ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, பெயர் மட்டும் மிச்சம். சர்ச்கேட்டில் பிகா பெஹராம் என்ற பார்சி 1725-ல் தோண்டிய கிணறு மட்டும் இன்றும் இருக்கிறது. ஆபீஸ் போகிறவர்கள் தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கிறோம்.

1854-ல் மழை பொய்த்தது. ஊருக்குள் இருந்த ஆடுமாடுகளை மாஹிம் பக்கம் ஓட்டிவிட வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் ஹென்றி கான்பியர் என்ற இன்ஜினியரின் திட்டப்படி மித்தி ஆற்றை மறித்து விஹார் ஏரி. வேலை 1856-ல் ஆரம்பித்து 1860-ல் முடிந்தது. பணம் சர்க்கார் போட்டது, ஆனால் சும்மா இல்லை, கடனாக! வட்டியும் முதலும் ஊர்க்காரர்கள் தலையில். கிணற்றில் இலவசமாக இறைத்துக் குடித்தவர்கள் முணுமுணுக்காமல் இருப்பார்களா? போதாக்குறைக்கு இன்னொரு கூத்து. தண்ணீரைக் கொண்டுவந்தார்கள், அது வெளியேற வடிகால் போடவில்லை. தெருவெல்லாம் சேறு, வீட்டுக்கு வீடு காய்ச்சல்.

1865-ல் முனிசிபல் கமிஷனராக வந்த ஆர்தர் கிராஃபர்ட் சாக்கடை, சாலை, மார்க்கெட் என்று வாரி இறைத்தார். (கிராஃபர்ட் மார்க்கெட் அவர் பெயரில்தான்.) கஜானா காலி. 1871-ல் வரி கட்டுகிறவர்கள் பொங்கி எழுந்தார்கள், கிராஃபர்ட் போனார். 1872-ல் புதுச் சட்டம் வந்தது. 64 உறுப்பினர்களில் 32 பேரை வரி கட்டுவோரே தேர்ந்தெடுக்கலாம். பம்பாய்க்கு ஓட்டுரிமை வந்தது இப்படி ஒரு பில் தகராறில்தான் என்பது என் கணக்குப்பிள்ளை மூளைக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் ஓட்டு வரி கட்டியவனுக்கு மட்டும். கட்ட வழியில்லாதவன் கணக்கிலேயே இல்லை.

1888-ம் வருஷத்து மாநகராட்சிச் சட்டத்தைப் புரட்டினேன். அதில்தான் அந்த வார்த்தை இருந்தது. தண்ணீர் வரிக்குப் பக்கத்தில் 'ஹலால்கோர் வரி'. மலம் அள்ளும் சாதியாரை அப்படி அழைப்பார்கள். உழைத்து நேர்மையாகச் சாப்பிடுகிறவர் என்பது சொல்லின் பொருள். தலையில் கூடை சுமந்தவர்களின் பெயரிலேயே வரி! கட்டியது வீட்டுக்காரர், ரசீதில் இருந்தது அவர்கள் பெயர். பின்னாளில் சட்டத்தில் அது கழிவுநீர் வரி என்று மாறியது. கட்டணமாக இன்றும் எங்கள் பில்லில் தனி வரியாக வருகிறது. முன்னூறு தடவையாவது கூட்டிப் பார்த்திருப்பேன், ஒரு நாளும் யோசித்ததில்லை.

விஹாருக்குப் பிறகு துளசி, 1892-ல் தான்சா, அப்புறம் வைதர்ணா, பாட்சா... இன்று ஏழு ஏரிகள், தினமும் 380 கோடி லிட்டருக்கு மேல். தான்சாவும் பாட்சாவும் இருக்கும் ஷஹாப்பூர் தாலுகாவின் ஆதிவாசிக் கிராமங்கள் கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்துக்கிடக்கின்றன. அந்த விலை எந்த பில்லிலும் ஏறுவதில்லை.

நம்ம ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். திருநெல்வேலியிலிருந்து தாராவி தோல் பதனிடும் பட்டறைகளுக்கு வந்தவர்கள் முதல் இந்த விழுப்புரத்து அம்மா வரை எல்லோருக்கும் பைப் என்றால் முதலில் காகிதம். வெகுகாலம் 1995 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததாகச் சான்று காட்டினால்தான் குடிசைக்கு இணைப்பு. இல்லாதவர் கேன் கணக்கில் விலைக்கு வாங்க வேண்டியதுதான். லிட்டருக்கு என்று போட்டுப் பார்த்தால் மீட்டர்காரர் கொடுப்பதைப் போலப் பல மடங்கு. 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம், குடிசை சட்டவிரோதம் என்பதற்காகக் குடிதண்ணீரை மறுக்கக் கூடாது, வேண்டுமானால் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. 2022 மே மாதம் 'எல்லோருக்கும் தண்ணீர்' கொள்கை வந்தது. அந்த அம்மாவிடம் கேட்டேன். "அஞ்சாறு வீடு சேர்ந்து ஒரு மீட்டர் கேக்கணும் சார், காகிதம் சேத்துக்கிட்டு இருக்கோம்" என்றார்.

சரி, கணக்குக்கு வருவோம். இருபது லிட்டர் கேன் இரண்டு, முப்பது நாள், ஆக 1,200 லிட்டர். எங்கள் மீட்டர் விலையில் கழிவுநீர்க் கட்டணம் சேர்த்தும் மாதம் 20 ரூபாயைத் தாண்டவில்லை. இதில் வேடிக்கை, அந்தத் தண்ணீர் எங்கள் சாக்கடைக்குள் போவதே இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் கழிவுநீர்க் கட்டணம் கட்டுகிறோம். கூட்டத்தில் இதைச் சொன்னேன். "இருபது ரூபா பிரச்சினை இல்லே, இன்னிக்கு ஒருத்தர், நாளைக்குப் பத்துப் பேர்" என்றார் கேட்டவர். கிராஃபர்ட் காலத்து வரிகட்டிகள் பேசியதும் ஏறக்குறைய இதே தோரணையில்தான் இருந்திருக்கும். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அதுவரை அந்த 20 ரூபாயைத் 'தோட்டப் பராமரிப்பு' என்ற தலைப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ஆடிட்டர் கேட்டால் செம்பருத்தி குடித்துவிட்டது என்று சொல்வதாக உத்தேசம்.