கையொப்பத்திற்கு அப்பால்: ஆங்கிலேயத் தொழிலாளர் தன்வரலாறுகளில் எழுத்தறிவு

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழுத்தறிவு பெற்றோர் எத்துணைப் பேர் என்னும் வினாவிற்கு, வரலாற்றாசிரியர்கள் பெரிதும் திருமணப் பதிவேடுகளையே சான்றாகக் கொள்வர். கையொப்பமிட்டோர் எழுத்தறிந்தோர், சிலுவைக்குறி இட்டோர் அறியாதோர். 1840ஆம் ஆண்டளவில் மணமகன்களுள் ஏறத்தாழ மூன்றிலொருவரும் மணமகள்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரும் குறியே இட்டனர். இக்கணக்குப் பயனுடையதே. ஆயின், அக்காலத்தில் படிக்கக் கற்பித்த பின்னரே எழுதக் கற்பித்தனர். ஓய்வுநாளில் எழுத்துப் பயிற்சி தகாது எனக் கருதிய ஞாயிற்றுப் பள்ளிகளும் இருந்தன. ஆகவே, படிக்கத் தெரிந்தும் கையொப்பமிட அறியாதவரைப் பதிவேடு கல்லாதார் வரிசையிலேயே நிறுத்திவிடுகின்றது.

எழுத்தறிவு எவ்வாறு ஈட்டப்பட்டது என்பதை அறியத் தொழிலாளர் எழுதிய தன்வரலாறுகளையே நாம் நாட வேண்டியுள்ளது. டேவிட் வின்சென்ட் 1981இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முன்னோடியானது. செருப்புத் தைக்கும் தொழிலாளியாக இருந்த தாமஸ் கூப்பர், 1872இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில், விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே எழுந்து படித்ததையும், தைத்துக்கொண்டே இலக்கண விதிகளை மனப்பாடம் செய்ததையும் கூறுகிறார். இறுதியில் அவர் உடல்நலம் குலைந்தது. இங்கே கல்வியின் விலை பணமன்று, உறக்கம். பணமும் தடையாகவே இருந்தது: 1815 முதல் 1836 வரை செய்தித்தாள் ஒவ்வொன்றின் மீதும் நான்கு பென்சு முத்திரை வரி இருந்தமையால், ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்பது வழக்கமாயிற்று. கேட்டவர்களை எப்பட்டியலில் சேர்ப்பது?

கூப்பரைப் போன்றோர் விதிவிலக்கானவர்கள் என்னும் மறுப்பு நியாயமானதே. எனினும், அவர்தம் நூல்களில் அண்டை வீட்டாரும் உடன்பிறந்தாரும் இடம்பெறுகின்றனர். பெண்கள் எழுதியவை மிகச் சில. அவற்றின் மதிப்பு அதனாலேயே பெரிது.

டார்பிஷயர் மலைப்பகுதியில் ஓர் ஏழைப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்த ஹன்னா மிட்செல் பெற்ற பள்ளிக்கல்வி இரண்டே வாரங்கள். தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர்ப் பிறந்தவர் நிலை இது! மாலையில் சகோதரர்கள் படித்துக்கொண்டோ விளையாடிக்கொண்டோ இருக்க, அவர் அவர்களுடைய காலுறைகளைத் தைத்தார். அவர்கள் பள்ளியிலிருந்து கொணரும் நூல்களுக்கு ஈடாக, அவர்களுக்குரிய வேலைகளையும் செய்தார். ஒரே கூரையின் கீழ் ஆணுக்கு இயல்பாகக் கிட்டிய நூலைப் பெண் உழைப்பால் வாங்க வேண்டியிருந்தது. இதனை எப்பதிவேடும் காட்டாது. தையற்காரியாகவும் வீட்டுப் பணிப்பெண்ணாகவும் உழைத்த அவர், பெண்கள் வாக்குரிமைக்குப் போராடி, 1924இல் மான்செஸ்டர் நகரமன்ற உறுப்பினரானார். 1956இல் மறைந்த அவருடைய தன்வரலாறு அச்சேறியது 1968இல்தான்.