கடையாணி முதல் சக்கர நட்டு வரை

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு, நாமக்கல் என்றோ சங்ககிரி என்றோ தமிழெழுத்தில் ஊர்ப்பெயர் தாங்கிய லாரி ஒன்று சாலையோரம் நிற்கக் கண்டால் கால்கள் தாமாகவே சற்றுத் தயங்கும். ஓட்டுநரோடு இரண்டு வார்த்தை பேசிய பின்னரே அவ்விடம் விட்டு நகர்வோம். அவ்வாறு ஒருநாள் தில்லி எல்லையில் நான் நின்றபொழுது, பின்சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த ஓட்டுநர் தம் உதவியாளனை நோக்கி, "ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வா" என்று குரல் கொடுத்தார். மாற்றுச் சக்கரத்தைக் குறிக்கும் இந்தச் சொல் இந்தியா முழுவதும் வழங்குகிறது. அது ஒரு தெருவின் பெயர் என்பதை அறிந்தவர் சிலரே.

1904 ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திவந்த டேவிஸ் சகோதரர்கள் ஒரு புதுமையைச் செய்தனர். அக்காலத்து மோட்டார் வண்டிகளுக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது. டயர் பழுதானால் சாலையோரத்திலேயே அமர்ந்து ஒட்டுப் போட வேண்டும். இவர்கள் ஆரக்கால் இல்லாத வளையம் ஒன்றைச் செய்து, அதன்மேல் காற்றடைத்த டயரை ஏற்றி, பழுதான சக்கரத்தின் பக்கத்திலேயே கவ்விகளால் பொருத்தும்படி அமைத்தனர். ஸ்டெப்னி சக்கரம் என்னும் பெயரில் அது பல நாடுகளுக்கும் சென்றது. பின்னர் முழுச் சக்கரத்தையே கழற்றி மாட்டும் முறை வந்ததும் அந்தக் கவ்வி வளையம் மறைந்தது. பெயர் மட்டும் நம் நாட்டில் தங்கிவிட்டது.

இந்த மாறுதலில் வேறொரு விஷயமும் அடங்கியிருந்தது. நம் மாட்டு வண்டியில் சக்கரத்தின் குடம் அச்சில் செருகப்பட்டிருக்கும். அது வெளியே நழுவாமல் தடுப்பது கடையாணி. கடையாணி இருக்கிறதா, இல்லையா என்பதே கேள்வி. எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று எந்த வண்டிக்காரரும் கேட்டதில்லை. பழைய மோட்டார் வண்டிகளிலும் மரச்சக்கரத்தைப் பொருத்துவது பட்டறைக்காரரின் வேலையாகவே இருந்தது. கழற்றி மாட்டக்கூடிய சக்கரம் வந்த பின்னரே, பல டன் பாரம் சுமக்கும் வண்டியின் சக்கரம் நடுவழியில், நள்ளிரவில், யாரோ ஒருவருடைய கைவலிமையை நம்பி நிற்கும் நிலை ஏற்பட்டது. அந்தக் கைக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை உணர்ந்துகொள்ள உலகத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

நட்டின் வரலாறு சக்கரத்தின் வரலாற்றைவிட மிகவும் இளையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரையை வைத்திருந்தது. ஒரு பட்டறையின் நட்டு மற்றொன்றின் ஆணியில் ஏறாது. இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லி துல்லியமாக மரை வெட்டும் கடைசல் யந்திரத்தை உருவாக்கினார். அவரிடம் வேலை பழகியவருள் ஒருவரான ஜோசப் விட்வொர்த், நாடெங்கும் உள்ள பட்டறைகளிலிருந்து திருகாணிகளைச் சேகரித்து அளந்து, அவற்றின் சராசரியைக் கொண்டு ஒரு பொது அளவை 1841 ஆம் ஆண்டில் முன்வைத்தார். அவர் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. 1864 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து வில்லியம் செல்லர்ஸ், வெட்டுவதற்கு எளிதென்று 60 பாகை மரையை முன்மொழிந்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் படைகள் இதனால் பட்ட தொல்லையின் பயனாக, 1948 ஆம் ஆண்டில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் வாஷிங்டனில் ஒரு பொது மரைக்கு உடன்பட்டன.

அந்தப் பிளவின் நிழல் நம் நாட்டிலும் விழுந்தது. 1954 ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் ஜெர்மானிய டெய்ம்லர்-பென்ஸ் உதவியுடன் லாரி செய்யத் தொடங்கியது. 1955 ஆம் ஆண்டில் சென்னைக்கு வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட் நிறுவனம் ஆங்கிலேய லேலண்டின் கூட்டுறவோடு அமைந்தது. ஒன்று மெட்ரிக் அளவு, மற்றொன்று அங்குல அளவு. பாராளுமன்றம் மெட்ரிக் எடை அளவைச் சட்டத்தை 1956 ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றியதாயினும், சாலையோரப் பட்டறைக்காரர் நெடுங்காலம் இருவகை ஸ்பானர்களையும் வைத்துக்கொண்டே பிழைப்பு நடத்தினார்.

இனி, நட்டு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். இங்கே என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கனரக வண்டிகளின் பராமரிப்பு நூல் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பணி என்னிடம் வந்தது. இலக்கியம் பயின்ற எனக்கு யந்திரங்களோடு இருந்த உறவு மின்விசிறி அளவில்தான். சக்கர நட்டுப் பகுதியில், இன்ன இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் இடுக, வேறெங்கும் இடற்க என்னும் பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. எண்ணெய் என்பது நன்மையே செய்யும் என்ற பொது நினைப்பில், வாக்கியம் ஓசையுடன் அமையட்டும் என்று, "மரைகளுக்கும் சக்கரம் பொருந்தும் பரப்புகளுக்கும் நன்கு எண்ணெய் இடுக" என்று எழுதிவிட்டேன். மெய்ப்புப் பார்க்க வந்தவர் வேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். இராணுவ வண்டிப் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் என் மேசைக்கு வந்து தாளை வைத்து, "ஐயா, இந்த வரி இப்படியே அச்சேறினால் எங்கோ ஒரு சக்கரம் கழன்று ஓடும்" என்றார்.

பிறகு என் பேனாவையே ஆணியாகவும் அதன் மூடியையே நட்டாகவும் வைத்துக்கொண்டு அவர் விளக்கியதன் சாரம் இது. நட்டைத் திருகும்பொழுது உருக்கு ஆணி மிக நுண்ணிய அளவு நீளுகிறது. நீண்ட ஆணி ஒரு வில்லைப்போல் மீண்டும் சுருங்க முயன்று, சக்கரத்தைக் குடத்தோடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் இரு பரப்புகளுக்கும் இடையே பிறக்கும் உராய்வே சக்கரத்தை நிலைநிறுத்துகிறது. அந்தப் பரப்பில் எண்ணெயோ தடித்த வண்ணப்பூச்சோ இருந்தால் பற்று குறையும். பூச்சு நாளடைவில் நசுங்கி மெலிந்தால், நீண்டிருந்த ஆணி சுருங்கிவிடும். நட்டு ஓர் இம்மியும் சுழலாமலே இறுக்கம் போய்விடும்.

மரையில் இடும் எண்ணெயின் செய்தி வேறு வகைப்பட்டது. நாம் ஸ்பானரில் செலுத்தும் விசையில் ஏறத்தாழப் பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், நூற்றுக்கு 40 பங்கு மரையின் உராய்விலும் செலவாகிறது. ஆணியை நீட்டுவதற்குக் கிடைப்பது 10 பங்குதான். ஆகவே உராய்வில் ஏற்படும் சிறு மாறுதலும் அந்தப் பத்துப் பங்கைப் பெரிதும் மாற்றிவிடும். துருவேறிய மரையில் கை வலிக்க முறுக்கினாலும் ஆணி நீளுவதில்லை. கிராபைட்டோ மாலிப்டினமோ கலந்த வழவழப்பான பசையைத் தாராளமாகப் பூசிவிட்டு அதே அளவு முறுக்கினால், ஆணி தாங்கும் எல்லையைக் கடந்து நீண்டு, வில்தன்மையை இழந்து, சில நாட்களில் முறியும். இரண்டு வேளையிலும் கைக்குத் தோன்றுவது ஒன்றுதான்: நன்றாக முறுக்கியாயிற்று. முறுக்குதல் வேறு, இறுக்குதல் வேறு என்று நம் மொழி இரண்டு சொற்களை வைத்திருக்கிறது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்.

எண்ணெய் பற்றிய விதி எல்லா வண்டிக்கும் ஒன்றன்று. குழிவான இருக்கையில் கூம்பு அல்லது பந்து வடிவ நட்டு அமரும் பழைய முறையில், மரை துப்புரவாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சரக்குப் போக்குவரத்தாரின் தொழில்நுட்ப விதி. அம்முறையில் இரட்டைச் சக்கரங்களின் உட்சக்கரத்துக்குத் தனி நட்டு உண்டு. வெளி நட்டைத் தளர்த்தினால்தான் உள் நட்டை இறுக்க முடியும். பலர் வெளி நட்டோடு நின்றுவிடுவர். உட்சக்கரம் யாரும் அறியாமல் ஆடிக்கொண்டிருக்கும். குடத்தின் விளிம்பில் சக்கரம் அமர்ந்து, வாஷர் இணைந்த தட்டை நட்டு பிடிக்கும் புதிய முறையில், ஆணியின் மரையில் இரண்டு சொட்டும், நட்டும் வாஷரும் சேரும் இடத்தில் இரண்டு சொட்டும் என்பது விதி. சக்கரமும் குடமும் தொடும் பரப்பில் ஒரு சொட்டும் கூடாது. இறுதியில் வண்டி செய்தவரின் கையேடு எதைச் சொல்கிறதோ அதுவே சரி.

முறுக்கின் அளவைக் கையால் அறிய முடியாது என்பதை முதலில் உணர்த்தியது லாரி அன்று, தண்ணீர்க் குழாய். நியூயார்க் நகரத் தண்ணீர்த் துறையில் பணியாற்றிய கான்ராட் பார் என்பவர், நிலத்தடிக் குழாய் இணைப்புகளில் ஆணிகள் அளவுக்கு மீறி முறுக்கப்பட்டு முறிவதைக் கண்டு, 1918 ஆம் ஆண்டில் முறுக்கை அளந்து காட்டும் ஸ்பானரை வகுத்தார் என்பர். 1930-களில் அதற்குக் காப்புரிமைகள் பதிவாயின. நம் சாலைகளில் அதன் இடத்தை நீண்ட இரும்புக் குழாய் பிடித்துக்கொண்டது. ஸ்பானரில் குழாயைச் செருகி நுனியில் ஏறி மிதிக்கும் காட்சியை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அந்தக் குழாயை நான் இகழமாட்டேன். கணக்குத் தெரிந்தவர் கையில் அதுவும் ஓர் அளவுகோலே. 22 மில்லிமீட்டர் ஆணியுள்ள கனரக வண்டிச் சக்கரத்துக்கு வேண்டிய முறுக்கு, பொதுவாக 62 முதல் 69 கிலோகிராம்-மீட்டர். 65 கிலோ எடையுள்ளவர் 1 மீட்டர் தொலைவில் அசையாமல் நின்றால் 65 கிடைக்கும். அவரே ஒன்றரை மீட்டர் தொலைவில் நின்றால் 97-ஐத் தாண்டும். 45 கிலோ எடையுள்ள உதவியாளப் பையன் 1 மீட்டரில் நின்றால் 45தான். ஏறிக் குதிப்பவர் எவ்வளவு தருகிறார் என்பதை எவரும் சொல்ல முடியாது. வண்டி ஒன்று, நட்டு ஒன்று. மிதிப்பவர் மாறினால் சக்கரத்தின் கதி மாறுகிறது.

இடம் வலம் என்னும் வழக்கு ஒன்றும் உண்டு. முன்னோக்கி ஓடும் வண்டியின் இடப்புறச் சக்கரம், வெளியே நின்று பார்ப்பவர்க்கு இடஞ்சுழியாகச் சுழலும். வலமரை நட்டு கழலும் திசையும் அதுவே. ஆதலால் பழைய பொறியியலார் பலர் இடப்புறச் சக்கரங்களுக்கு இடமரை வைத்தனர். பழக்கமில்லாதவர் கழற்றுவதாக நினைத்து மேலும் முறுக்கி ஆணியை முறித்ததும் உண்டு. உலகப் பொது அளவு வந்தபொழுது இருபுறமும் வலமரையே போதும் என்று முடிவாயிற்று. பிரிட்டனில் 1980-களில் இம்மாற்றம் பரவியபின், கழன்றோடிய லாரிச் சக்கரங்களுள் பெரும்பாலானவை இடப்புறப் பின்சக்கரங்களாக இருந்தன. மரை மாற்றமே காரணம் என்றனர் சிலர். இடப்புறமாகச் செல்லும் சாலையில், இடப்பக்கத் திருப்பத்தின்போது அச்சக்கரங்கள் கடுமையாக அரைபடுவதே காரணம் என்றனர் வேறு சிலர். நாமும் சாலையின் இடப்புறமாகவே செல்கிறவர்கள் என்பதால் இந்த விவாதம் நமக்கு அயலானதன்று.

இதற்கு அடிப்படையான விளக்கத்தை ஜெர்மானியப் பொறியியலார் கெர்ஹார்ட் யுங்கர் 1969 ஆம் ஆண்டிலேயே தந்திருந்தார். வெறும் அதிர்வு நட்டைக் கழற்றிவிடுவதில்லை. பிணைக்கப்பட்ட பரப்புகள் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்பொழுதுதான் மரையின் பிடிப்பு அற்று, நட்டு தானாகவே பின்னோக்கிச் சுழல்கிறது என்று அவர் சோதனையால் காட்டினார். போதிய இறுக்கம் இருந்தால் வழுக்கல் இல்லை. வழுக்கல் இல்லையேல் எந்த மரையும் தளராது.

இதை அறியாததன் விலை சிறிதன்று. பிரிட்டனில் ஆண்டுதோறும் 150 முதல் 400 வரை கனரக வண்டிச் சக்கரங்கள் கழன்றோடுவதாக 2006 ஆம் ஆண்டு ஆய்வொன்று மதிப்பிட்டது. கனடாவில், இன்று நம் தமிழர் பெருந்திரளாக வாழும் ஒன்டாரியோ மாநிலத்தில், 1995 ஆம் ஆண்டில் லாரியிலிருந்து பறந்து வந்த சக்கரங்கள் மோதி, தத்தம் வண்டியில் சென்றுகொண்டிருந்த இருவர் வெவ்வேறு விபத்துகளில் மாண்டனர். 1997 ஆம் ஆண்டில் அம்மாநிலம் கொண்டுவந்த சட்டத்தின்படி, சக்கரம் கழன்றாலே அது குற்றம். முன்னெச்சரிக்கையாக இருந்தோம் என்ற வாதம் எடுபடாது. அபராதம் 2,000 முதல் 50,000 டாலர் வரை. கடுமையான சட்டம்தான். எனினும் எதிரே வந்தவர் செய்த பிழை என்ன என்று எண்ணினால், அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெரியவர் என் வாக்கியத்தைத் திருத்தியதோடு நில்லாமல், நான் சுருக்கிவிட்ட மற்றொரு வரியையும் முழுமையாக எழுதச் சொன்னார். புதிதாக மாட்டிய சக்கரத்தில் துருவும் தூசும் பூச்சும் நசுங்கி அடங்க, இறுக்கம் சற்றுக் குறையும். ஆதலால் 40 முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை நிறுத்தி, நட்டுகளை உரிய அளவுக்கு மீண்டும் சோதிக்க வேண்டும். நட்டின் அடியிலிருந்து செந்நிறத் துருக்கோடு வழிந்திருந்தால், அங்கே ஏதோ அசைகிறது என்று பொருள்.

தில்லி எல்லையில் நான் கண்ட லாரி தெற்கு நோக்கிப் புறப்பட்டது. பல்வல் நகரம் தில்லியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். தேநீர் அருந்த அங்கே நிறுத்துவீர்களா என்று ஓட்டுநரிடம் கேட்டேன். நிறுத்துவோம் என்றார். அப்பொழுது ஸ்பானரையும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.