குறைவா ஓடின இன்ஜின் நல்ல இன்ஜினா? பழைய விமான இன்ஜின் வாங்கும்முன் கவனிக்க வேண்டியவை!

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போனா முதல்ல மீட்டரைத்தான் பார்ப்போம், இல்லையா? அமெரிக்காவில் சொந்தமா குட்டி விமானம் கட்டுறவங்களும் பழைய இன்ஜின் தேடும்போது, 'எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?'னுதான் முதல்ல கேட்பாங்க. ஆனா, அந்த நம்பரை மட்டும் நம்பினா சிக்கல்தான்.

அங்கே வீட்டு கராஜிலேயே விமானம் கட்டலாம். பாதிக்கு மேற்பட்ட வேலையை, கத்துக்கவோ பொழுதுபோக்குக்காகவோ தாங்களே செய்திருக்கணும் என்பது விதி. இன்ஜினை வெளியில் வாங்கிக்கலாம். புதுசு விலை அதிகம் என்பதால் பலர் பழசைத் தேடுறாங்க. அதில் பிரபலமானது, 150 - 160 குதிரைத்திறன் கொண்ட லைகாமிங் ஓ-320.

சும்மா நின்னா துரு!

இந்த இன்ஜினில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கும். மாதக்கணக்கில் ஓட்டாம விட்டா, அதன்மேல இருக்கிற ஆயில் வடிஞ்சிடும். ஈரக்காற்று பட்டு துரு பிடிக்கும். மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது அந்த இடம் தேய்ஞ்சு, உலோகத்தூள் ஆயிலில் கலக்கும். அதனாலதான் லைகாமிங் நிறுவனம், ஓவர்ஹாலுக்கு மணிக்கணக்கோடு 12 வருஷம்னு ஒரு காலக்கெடுவும் வெச்சிருக்கு. 300 மணி நேரமே ஓடி, 20 வருஷமா ஷெட்டில் கிடந்த இன்ஜினைவிட, வாராவாரம் பறந்து 1,200 மணி நேரம் ஓடினது மேல்!

என்னென்ன பார்க்கணும்?

* லாக் புக்: மொத்த மணி நேரத்தை விடுங்க. கடைசி 5 வருஷத்தில் எவ்வளவு பறந்ததுனு பாருங்க. பக்கங்கள் காணோம்னா, விலை குறையணும்.

* புரொப்பல்லர் அடி: இன்ஜின் ஓடும்போது புரொப்பல்லர் தரையில் இடிச்சிருக்கானு கேளுங்க. உள்ளே கிராங்க்ஷாஃப்டில் விழுந்த சேதம் வெளியே தெரியாது. பிரிச்சு சோதிச்சதுக்கான பதிவு கட்டாயம் வேணும்.

* கம்ப்ரஷன் டெஸ்ட்: 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, சிலிண்டர் எவ்வளவு தாங்குதுனு பார்ப்பாங்க. 60-க்குக் கீழே போனா கவலைப்படணும். சைலன்ஸர் பக்கம் 'உஸ்'ஸுனு சத்தம் வந்தா எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊத்துற வாயில் வந்தா பிஸ்டன் ரிங்.

* ஆயில் ஃபில்டர்: வெட்டிப் பிரிச்சு, உலோகத்துகள் இருக்கானு பாருங்க.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க... கேம்ஷாஃப்ட் துரு, கம்ப்ரஷன் டெஸ்ட்டில் தெரியாது. ஒரு சிலிண்டரைக் கழற்றினாதான் கண்ணால பார்க்க முடியும். அதுக்கு விற்கிறவர் சம்மதிக்கலைன்னா, ஓவர்ஹால் செலவைக் கழிச்சு விலை பேசுங்க. அதுக்கும் ஒத்துக்கலையா? வேற இன்ஜினைத் தேடுங்க. நடுவானில் நின்னுட்டா, ஓரங்கட்டிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட முடியாதே!