காலுக்குக் கவசம் இல்லாத காவலர்

ஆறடி உயரம், ஆறடி அகலம். அமெரிக்கக் கல்லூரி லக்ராஸில் ஆண்கள் அணியின் கோல்கீப்பர் காக்க வேண்டிய வாசல் அவ்வளவுதான். கால்பந்துக் கோலில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் வருவது ஏறத்தாழ 145 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் பந்து. கைதேர்ந்த ஆட்டக்காரர் வலைமட்டையைச் சுழற்றி மணிக்கு 145 கி.மீ. வேகத்தில் அதை எறிவார். பத்து மீட்டர் தூரத்திலிருந்து வந்தால் கோல்கீப்பருக்குக் கிடைப்பது கால் வினாடி. அவர் அணிவதோ தலைக்கவசம், தொண்டைக் காப்பு, மார்புக் காப்பு, கையுறை. அரைக்கால் சட்டைக்குக் கீழே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இதை வீறாப்பு என்று சொல்லிவிடுவது சுலபம். ஆட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால் வேறு காரணம் தெரிகிறது: பந்தைத் தடுப்பது அவர் வேலையில் பாதிதான், அதை எடுத்துக்கொண்டு வெளியேறுவது மறுபாதி. கவசத்தின் அளவை முடிவு செய்தது அந்த மறுபாதியே.

லக்ராஸ் ஹோடெனோஷோனி முதலான வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம். மாண்ட்ரியல் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் 1867இல் அதற்கு எழுத்தில் விதிகள் வகுத்தபோது கோலுக்கு வலைகூடக் கிடையாது. கொடி கட்டிய இரண்டு கம்பங்கள்தான். கோலுக்கு முன்னால் ஒரு கிரீஸ் கோடு. அதற்குள் நிற்கும்வரை கோல்கீப்பர் பந்தைக் கையால் தட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மறிக்கலாம். அதாவது, சலுகை ஆளுக்கல்ல, இடத்துக்கு. 1877இல் நியூயார்க் பல்கலைக்கழகமும் மன்ஹாட்டன் கல்லூரியும் மோதியதிலிருந்து தொடங்கும் கல்லூரி ஆட்டம் இந்தக் கருத்தைக் கைவிடவே இல்லை. இன்றைய கிரீஸ் ஒன்பதடி ஆரமுள்ள வட்டம். அதற்குள் கையால் தட்டலாம், பிடிக்கக் கூடாது. பந்து மட்டைக்குள் வந்துவிட்டால் நான்கே வினாடிகள். அதற்குள் யாருக்காவது எறிய வேண்டும், இல்லை வட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும். வெளியே வந்தபின் பந்தோடு ஓடும் மற்ற ஆட்டக்காரருக்கு விழும் அடி அவருக்கும் விழும்.

இதே ஆட்டம் கூரைக்குள் போனபோது என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு வலுவான சான்றாகப் படுகிறது. 1930களின் தொடக்கத்தில் கனடாவின் ஐஸ் ஹாக்கி அரங்குகள் கோடையில் காலியாகக் கிடக்க, அங்கே பாக்ஸ் லக்ராஸ் பிறந்தது. களம் சுருங்கியது, கோலும் சுருங்கியது. கோல்கீப்பர் பந்தோடு ஓட வேண்டிய தேவை அநேகமாக மறைந்தது; அவர் உடம்பைச் சுற்றித் திண்டு திண்டாகக் கவசம் ஏறியது. மக்களும் பந்தும் அதேதான், மாறியது வேலை மட்டும்.   

பெண்கள் ஆட்டத்தைக் காட்டி இதை மறுக்கலாம். அங்கே கோல்கீப்பர் தொடைக்கும் முழங்காலுக்குக் கீழேயும் காப்பு அணிகிறார். அவரும் பந்தோடு ஓடத்தானே செய்கிறார்? நியாயமான கேள்வி. மெல்லிய காப்பு ஓட்டத்தைக் கெடுக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆண்கள் அதையும் ஒதுக்குவதில் வறட்டுப் பிடிவாதத்துக்கும் பங்குண்டு. ஆனால் பாக்ஸ் கோல்கீப்பரின் திண்டுகளைப் பெண்களும் ஏற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பரிசுகள் எல்லாம் தடுத்ததற்குத்தானே என்பது இன்னொரு மறுப்பு. 1995 இறுதிப் போட்டியில் மேரிலாண்ட் சிரக்யூஸிடம் தோற்றும், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது மேரிலாண்ட் கோல்கீப்பர் பிரையன் டகர்ட்டிக்குப் போனது உண்மை. இதற்குக் காரணம் கணக்கு எழுதும் முறை. தடுத்த பந்து கோல்கீப்பர் பெயரில் ஏறும். பந்தைப் பத்திரமாகக் களத்தின் மறுபாதிக்குக் கொண்டுசேர்த்தது அணியின் பெயரில் ஏறும். தடுப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் இது பரிதாபமான வேலை: ஐஸ் ஹாக்கியில் பத்துக்கு ஒன்பதைத் தடுக்கிறார்கள், இங்கே பாதிக்குச் சற்று மேல் தடுத்தாலே நல்ல பெயர். 2019இல் வந்த, கோல் முயற்சிக்கான 80 வினாடிக் கடிகாரம் அவர் வேலையின் மறுபாதியின் எடையை இன்னும் கூட்டிவிட்டது. பந்து கைக்கு வந்த 20 வினாடிகளுக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். பல நேரம் அதில் முதல் எறிதல் கோல்கீப்பருடையது.