வீட்டைப் பூட்டும் முன்: லெம்பா பெர்த்தாம் சொல்லும் மின்சாரப் பாடம்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நாடெங்குமிருந்து மக்கள் கேமரன் மலைக்கு ஏறி வருகின்றனர். இங்கு வாழும் நாங்களோ உறவினரைக் காண மலையிறங்கிச் செல்கிறோம். புறப்படும்போது எல்லாரும் பூட்டை இருமுறை இழுத்துப் பார்க்கிறோம். பூட்டிய வீட்டினுள் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? எங்கள் பள்ளத்தாக்கின் வரலாறு என்னை அவ்வாறு எண்ண வைத்தது.

1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். கொழுந்து பறித்த கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள். பின்னர், இங்குள்ள ஆறுகளின் ஆற்றலை நாடு கண்டுகொண்டது. 1949இல் அமைந்த மத்திய மின்சார வாரியத்தின் காலத்தில், ரிங்லெட்டில் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பக்கார் அணை கட்டப்பட்டு 1963இல் நிறைவெய்தியது. தெலோம் ஆற்று நீரும் சுரங்கவழி பெர்த்தாமுக்குத் திருப்பப்பட்டது. கிழக்கே பகாங் ஆற்றோடு கலந்து தென்சீனக் கடலை அடைய வேண்டிய நீர், மலையைக் குடைந்து மேற்கே பேராக்கிற்குச் சென்றது. அங்கே நிலத்தடியில் அமைந்த 100 மெகாவாட் சுல்தான் யூசோப் நிலையத்தில் அது மின்சாரமாக மாறியது.

என் இளமையில் எங்கள் லயத்து வீடுகளில் தோட்டத்து இயந்திரம் ஓடும் சில மணி நேரம் மட்டுமே விளக்கெரியும். இயந்திரம் நின்றதும் மண்ணெண்ணெய் விளக்குதான். கோயிலுக்குப் புறப்பட்டாலும் பாட்டி முதலில் விளக்கை அணைப்பார். எண்ணெய் குறைவது கண்ணுக்குத் தெரிந்தது. இன்று மின்சாரம் குறைவது தெரிவதில்லை.

அணைத்துவிட்டதாக நாம் கருதும் கருவிகளும் மின்சாரத்தை உறிஞ்சுகின்றன. ஆய்வாளர் ஆலன் மையர் இதனை உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். காத்திருப்பு நிலையில் ஒரு கருவி 1 வாட்டுக்கு மேல் பயன்படுத்தலாகாது என்னும் இலக்கை 1999இல் அனைத்துலக எரிசக்தி முகவம் முன்வைத்தது.

மாணவர்களுக்குத் தரும் கணக்கொன்றை இங்கும் தருகிறேன். 10 வாட் உறிஞ்சும் ஒரு கருவி இரண்டு வார விடுமுறையில் ஏறத்தாழ 3.4 அலகு மின்சாரத்தை வீணாக்கும். 500 மீட்டர் உயரத்திலிருந்து விழும் 1,000 லிட்டர் நீர் தருவது ஓர் அலகுக்குச் சற்று மேல்தான். ஆக, ஆளில்லா வீட்டின் ஒரு சிறு கருவிக்காக, இரண்டாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட நீர் அத்தனை உயரத்திலிருந்து இறங்க வேண்டும். நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்று நிலக்கரியிலும் எரிவாயுவிலும் உருவாகிறது; அங்கே நீருக்குப் பதில் புகை.

நீர்மின்சாரமும் விலையின்றிக் கிடைப்பதன்று. காடழிந்த மலைச்சரிவுகளின் மண் ரிங்லெட் ஏரியில் படிந்து, அதன் கொள்ளளவைக் குறைத்துவிட்டது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலை, கனமழைக்கிடையே அணைநீர் திறந்துவிடப்பட்டபோது லெம்பா பெர்த்தாம் வெள்ளக்காடானது; உயிர்களும் பறிபோயின. ஆற்றோரம் வாழ்வோர் அந்நாளை மறக்கவில்லை.

ஆகவே, புறப்படும் முன் தொலைக்காட்சி, டிக்கோடர், இணையக் கருவி, வெந்நீர்க் கருவி ஆகியவற்றின் விசைகளைச் சுவரிலேயே அணைத்துவிடுங்கள். நெடுநாள் பயணமாயின் குளிர்பதனப் பெட்டியைக் காலி செய்து, துடைத்து, கதவைச் சற்றே திறந்து வையுங்கள். சாமி மேடையின் மின்விளக்கையும் அணைக்கலாம். இறைவன் கோபிக்க மாட்டார். பகலிலும் எரியும் வாசல் விளக்கு வீட்டில் ஆளில்லை என்பதைத் திருடனுக்கு அறிவிக்கும், அதையும் அணையுங்கள்.

இவ்வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். ஒவ்வொரு விசையாக அவர்கள் அணைத்து வரும்போது, அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பாட்டி எனக்குக் கற்பித்த பாடம் அவர்களையும் சென்று சேரட்டும்.

விடுமுறை இனிதாகட்டும்.