களத்துமேட்டின் நன்றி: காவிரி நாட்டில் கொடை வளர்ந்த வரலாறு



 

இம்மலரின் பிற பக்கங்களில் நம் பள்ளிவாசலின் ஆண்டு வரவு செலவுக் கணக்கைக் காண்பீர்கள். சந்தா, ஜகாத், பித்ரா, நோன்புக் கஞ்சிக்கு வந்த நன்கொடை என ஒவ்வொன்றும் ஒரு வரியில் அடங்கிவிடுகின்றது. அந்த வரிகளுக்குப் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு. காவிரியின் நீரும் நெல்லும் மனித உள்ளத்தில் எழுப்பிய நன்றியுணர்வு எவ்வாறு கொடையாக மாறியது என்பதே அவ்வரலாறு. அதனைச் சிறிது நினைவுகூர்வது நம் கடமைகளைத் தெளிவாக உணர உதவும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரை வரையப்படுகின்றது.

நீரில் தொடங்கும் நன்றி

தஞ்சைத் தரணியின் வாழ்வு காவிரி நீரைச் சார்ந்தது. குடகு மலையில் தென்மேற்குப் பருவக்காற்று பொழியும் மழை, நூற்றுக்கணக்கான கல் தொலைவு கடந்து வந்து நம் வாய்க்கால்களை நிரப்புகின்றது. நம் நெல்லுக்கு உயிர் கொடுத்த மழையில் பெரும்பகுதி நம் கண்காணாத நிலத்தில் பெய்தது என்பதை எண்ணிப் பார்த்தால், நெல்மணி ஒவ்வொன்றும் அருட்கொடை என்பது விளங்கும். கரிகால் சோழன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணையும், 1934இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையும் அந்நீரைப் பகிர்ந்தளிக்க மனிதர் செய்த முயற்சிகள்.

ஜூன் 12இல் மேட்டூர் அணை திறப்பது மரபு. ஆயினும் 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. 2020இல்தான் உரிய நாளில் மீண்டும் தண்ணீர் வந்தது. குறுவை பொய்த்த அந்த ஆண்டுகளில் நம் உழவர் பட்ட துயரை நாம் மறந்திருக்க இயலாது. கிடைத்தபோது எளிதாகத் தோன்றும் ஒன்று, கிடைக்காதபோதுதான் தன் மதிப்பைக் காட்டுகின்றது. நன்றி செலுத்தினால் அருள் பெருகும் என்று திருமறை வாக்களிப்பதையும், மனிதர்க்கு நன்றி பாராட்டாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவர் ஆகார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உஷ்ர் என்னும் விளைச்சல் வரி

விளைச்சலின் உரிமையை அறுவடை நாளிலேயே கொடுத்துவிடுமாறு அல்குர்ஆனின் ஆறாம் அத்தியாயம் 141ஆம் வசனம் கட்டளையிடுகின்றது. அந்த உரிமைக்கே உஷ்ர் என்று பெயர். உஷ்ர் என்றால் பத்தில் ஒன்று. மழை, ஆறு, ஊற்று ஆகியவற்றின் நீர் தானே பாய்ந்து விளைந்த பயிருக்குப் பத்தில் ஒன்றும், மனிதன் உழைத்தும் செலவிட்டும் இறைத்த நீரால் விளைந்த பயிருக்கு இருபதில் ஒன்றும் கொடுக்க வேண்டும் என்பது நபிமொழி காட்டும் அளவு.

இதன் நுட்பத்தை டெல்டா உழவர் எளிதில் உணர்வர். வாய்க்கால் மடையைத் திறந்தவுடன் பாயும் காவிரி நீருக்குப் பத்தில் ஒன்று; ஆழ்குழாய்க் கிணறு தோண்டி மோட்டார் வைத்து இறைக்கும் நீருக்கு இருபதில் ஒன்று. நம் உழைப்பின்றி வந்த பங்கு எவ்வளவு மிகுதியோ, கொடுக்க வேண்டிய பங்கும் அவ்வளவு மிகுதி. நன்றிக்கு இவ்வாறு ஓர் அளவுகோலே வகுத்துத் தந்தது மார்க்கம்.

சட்ட நுணுக்கங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. டெல்டாவின் உள்நாட்டு ஊர்களில் பெரும்பான்மையினராகிய ராவுத்தர்கள் ஹனபி மத்ஹபையும், கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் ஷாபிஈ மத்ஹபையும் பின்பற்றுவோர். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி விளைச்சல் குறைவாயினும் உஷ்ர் உண்டு. ஷாபிஈ மத்ஹபிலோ விளைச்சல் ஐந்து வஸக் அளவை எட்டியிருத்தல் வேண்டும். வாய்க்கால் நீர், மோட்டார் நீர் இரண்டும் கலந்து பாய்ந்த வயலுக்கு எவ்வாறு கணக்கிடுவது என்பதை நம் இமாம் அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

முற்காலத்தில் இக்கொடை கண்கூடாக நடந்தது. கதிர் அடித்து, தூற்றி, களத்துமேட்டில் நெல் குவிந்து கிடக்கும்போதே ஏழைகள் கூடையுடன் வந்து நிற்பர். மரக்கால் கொண்டு அளக்கும்போதே அவர்களுடைய பங்கும் அளந்து கொடுக்கப்படும். இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிச் சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுகின்றது. நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்திற்குச் சென்று 40 கிலோ சிப்பங்களாக எடை போடப்படுகின்றது. பணம் வங்கிக் கணக்கில் சேர்கின்றது. இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் களத்துமேடு மறைந்தபோது, அங்கே வந்து நின்ற ஏழையும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார். தங்கத்திற்கும் ரொக்கத்திற்கும் ஜகாத் கணக்கிடும் நம்மில் பலர், நெல்லுக்கு உஷ்ர் உண்டு என்பதையே மறந்துவிட்டோம்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் 2,400 கிலோ நெல் விளைந்தால் அது 60 சிப்பம். ஆற்று நீரால் விளைந்ததாயின் 6 சிப்பம் ஏழையின் உரிமை. இறைத்த நீரால் விளைந்ததாயின் 3 சிப்பம். கொள்முதல் நிலையத்தின் ரசீது கையில் இருக்கும்போது இக்கணக்கைப் போடுவது கடினமன்று.

நாகூர் மினாரா சொல்லும் செய்தி

நம் வட்டாரத்தில் நன்றியானது கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்து நிற்கும் இடம் நாகூர். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்கள் வட இந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்து நாகூரில் அடங்கியவர்கள். தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்ப நாயக்கரின் நோய் அவர்களால் நீங்கியது என்றும், அதற்கு நன்றியாக மன்னர் நிலம் வழங்கினார் என்றும் வழிவழியாகக் கூறப்படுகின்றது. அங்குள்ள ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்தது 131 அடி உயரமுடையது. அதனைக் கட்டுவித்தவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். மகப்பேறு வேண்டி நேர்ந்து, அது நிறைவேறியதற்கு நன்றியாகக் கட்டினார் என்பது செவிவழிச் செய்தி.

தர்கா குறித்து ஜமாஅத்துகளிடையே நிலவும் கருத்து வேறுபாடுகளுக்குள் நாம் இங்கே செல்லவில்லை. நாம் காண்பது வரலாறு. முஸ்லிம் அல்லாத ஓர் அரசர், தாம் நன்றி செலுத்த வேண்டியவர் எந்தச் சமயத்தவர் என்று பாராமல் கொடுத்தார். அந்தக் கொடையின் பயனை இன்றளவும் அனுபவிப்போர் நாம். ஆகவே அண்டை வீட்டாருக்கு நாம் பட்டுள்ள நன்றிக்கடன் ஒரு தலைமுறைக் கடனன்று.

அதே மராட்டிய மரபின் இரண்டாம் சரபோஜி, 1801இல் ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. இராமேசுவரம் செல்லும் வழியிலுள்ள சத்திரங்களில் சாதி வேறுபாடின்றி வழிப்போக்கர் அனைவருக்கும் உணவும், நோயுற்றோர்க்கு மருத்துவமும் அளிக்கப்படுவதை அதில் விவரித்து, அவ்வறங்கள் நின்றுவிடலாகாது என்று வேண்டினார். அதற்குள் ஆட்சி 1799 உடன்படிக்கையால் கும்பினியார் கைக்குப் போயிருந்தது. அரசு போன பின்னும் அறம் போகலாகாது என்று அவர் கவலைப்பட்டது கருதத்தக்கது.

கடல் கடந்து சென்ற கொடை

நம் கடற்கரை மக்கள் வணிகம் நாடிச் சென்ற இடங்களிலும் நன்றி மறவாதிருந்தனர். பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த காதர் முகையதீன் மரைக்காயர் பினாங்கில் பொருளீட்டி, 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அமையக் காரணமாக இருந்தார். சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பெற்ற நாகூர் தர்கா, 1974இல் அந்நாட்டின் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகின்றது. அதிராம்பட்டினத்தில் 1955இல் தொடங்கப்பெற்ற காதிர் முகைதீன் கல்லூரி, ஊர்ச்செல்வம் கல்விக் கொடையாக மாறியதற்குச் சான்று. அங்கே பயின்று பட்டம் பெற்றோரில் எல்லாச் சமயத்தவரும் உளர்.

பேரிடர் வந்தபோது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அன்று நாகூர் தர்காவுக்குரிய இடத்தில் இறந்தோர் பலர் சமய வேறுபாடின்றி அடக்கம் செய்யப்பட்டனர். கொள்ளிடத்திற்கு வடக்கே பரங்கிப்பேட்டையில், திருமணத்திற்காகச் சமைக்கப்பட்ட விருந்து, கடலோரக் குப்பங்களிலிருந்து ஓடிவந்த மீனவ மக்களுக்குப் பரிமாறப்பட்டது. அவ்வூர் ஜமாஅத் தொடர்ந்து பல நாட்கள் அவர்களுக்கு உணவளித்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் டெல்டாவின் தென்னையையும் கூரையையும் சாய்த்தபோதும் பள்ளிவாசல்கள் பலவற்றின் கதவுகள் எல்லோருக்கும் திறந்திருந்தன.

பேரிடர் நாளில் பிறக்கும் ஈகை வியப்பிற்குரியது. எனினும் அது திடீரென்று பிறப்பதில்லை. ஒவ்வொரு ரமழானிலும் பெரிய தேக்சாவில் கஞ்சி காய்ச்சிப் பழகிய கைகளே அன்று ஆயிரம் பேருக்குச் சோறு வடித்தன. மாலையில் தூக்குப் பாத்திரத்துடன் பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் பிற சமயத்துப் பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊற்றிப் பழகிய வழக்கமே அன்று வேற்றுமை பாராத மனத்தைத் தந்தது. 2001 முதல் தமிழக அரசும் நோன்புக் கஞ்சிக்கு அரிசி வழங்கிவருகின்றது. அந்த அரிசி எல்லா மக்களின் வரிப்பணம் என்பதை நாம் மறக்கலாகாது.

மறைக்கக் கூடாத ஒரு பக்கம்

வரலாற்றை எழுதுவோர் இனிப்பானதை மட்டும் எழுதுதல் முறையன்று. இதே தஞ்சைத் தரணியில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகுதி. அந்தப் பூசலின் அடியில் இருந்தது கூலி நெல். அன்னதானச் சத்திரங்கள் செழித்த மண்ணில், நாற்று நட்டவருக்குக் கூடுதலாகச் சிறிதளவு நெல் கொடுக்க மனம் வரவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. கூலி என்பது உரிமை. தருமம் என்பது அதற்கு மேல் கொடுப்பது. முன்னதைக் குறைத்துவிட்டுப் பின்னதைப் பெருக்குவதில் நன்றி இல்லை. உழைப்பவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நம் வயலில் சேற்றில் இறங்கியோர், நம் வீட்டில் பாத்திரம் துலக்குவோர், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முஅத்தின் ஆகிய அனைவருக்கும் இது பொருந்தும்.

கொடை நிலைக்க வேண்டுமாயின்

நம் முன்னோர் பலர் விளைநிலத்தையும் தென்னந்தோப்பையும் பள்ளிவாசலுக்கு வக்பு செய்தனர். விளக்கெண்ணெய்க்கும், இமாம் ஊதியத்திற்கும், மக்தப் மதரஸாவிற்கும், அடக்கத்தலத்திற்கும் அவற்றின் வருமானம் பயன்பட வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். கொடுத்தவர் மண்ணுக்குள் போன பின்னும் நன்மை தொடர்வதே வக்பின் சிறப்பு. செத்தும் கொடுத்தவர் என்று கீழக்கரைச் சீதக்காதியைத் தமிழுலகம் போற்றுவதும் இப்பொருளிலேயே.

ஆனால் பத்திரம் தொலைந்தால் கொடையும் தொலையும். குத்தகை நெல் பாக்கி நின்றால் கொடுத்தவரின் நோக்கம் பாழாகும். 1995ஆம் ஆண்டு வக்பு சட்டமும், அதில் 2025இல் செய்யப்பட்ட திருத்தமும் பதிவையும் கணக்கையும் முத்தவல்லியின் கடமையாக வைத்துள்ளன. சட்டம் கேட்காவிடினும் மறுமையில் அக்கேள்வி உண்டு. பள்ளிவாசல் நிலத்தைப் பழைய குத்தகைக்கே வைத்துக்கொண்டு, முன் வரிசையில் தொழுவதில் என்ன நிறைவு காண இயலும் என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ளுதல் நலம்.

நாம் செய்யத்தக்கவை

பெரிய திட்டங்கள் எவற்றையும் இங்கே முன்மொழியவில்லை. அறுவடை ரசீது கைக்கு வந்த அன்றே உஷ்ரைக் கணக்கிட்டு ஒதுக்கிவைப்போம். உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியை வேறு பானையில் இடும் பிடியரிசி வழக்கம் இம்மண்ணில் பல சமூகத்தாரிடமும் இருந்தது. அதனை நம் தாய்மார்கள் மீண்டும் தொடங்கலாம். அப்பானை நிறையும்போது தெருவில் அடுப்பெரியாத வீடு எது என்று தேடத் தோன்றும். கூலி பாக்கியும் குத்தகை பாக்கியும் வைத்திருப்போர் அடுத்த ரமழானுக்கு முன் அவற்றைத் தீர்த்துவிடுவோம்.

களத்துமேடு மறைந்திருக்கலாம். அங்கே கூடையுடன் நின்றவர் எங்கும் போய்விடவில்லை. நம் தெருவிலேயே இருக்கின்றார். அவரைத் தேடிச் சென்று அவருடைய பங்கைக் கொடுப்பதே, இவ்வாண்டும் நம் வாய்க்காலில் நீரை ஓடவிட்ட இறைவனுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும். அத்தகைய நன்றியுள்ள அடியார்களாக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.