பன்னிரண்டு படங்கள்: அலபாமா, 1956



இந்த மேடையில் மாலையிட்டு வைத்திருக்கும் தோழரின் படத்தை ஒருமுறை பாருங்கள். அது ஓர் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. முகம் மங்கியிருக்கிறது, கன்னத்தின் மேல் முத்திரையின் விளிம்பு தெரிகிறது. முப்பது ஆண்டுக்காலம் பொதுவாழ்வில் இருந்தவர். நினைவு மலருக்காக அவர் வீட்டில் தேடியபோது, அவர் சிரித்தபடி இருக்கும் படம் ஒன்றுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. கைதாகி வேனில் ஏறும் படம் கிடைத்தது. எரிந்த குடிசையின் முன் நிற்கும் படம் கிடைத்தது. அரசுக்கும் செய்தித்தாளுக்கும் எப்போது தேவைப்பட்டாரோ அப்போது மட்டுமே அவர் படமாகியிருக்கிறார்.

ஆகவே இந்த நினைவுரையில் புகைப்படத்தைப் பற்றிப் பேசலாம் என்று முடிவுசெய்தோம். யார் எடுத்தது, எந்தக் கருவியால் எடுத்தது, எடுக்கப்பட்டவருக்குப் பிறகு என்ன ஆனது என்ற கேள்விகளோடு ஒரு வரலாற்றுக்குள் போவோம். அது நம் ஊர் வரலாறு அல்ல. அமெரிக்கக் கறுப்பின மக்களோடு நமக்குள்ள உறவு புதிதும் அல்ல. அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தொடங்கிய தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது.

கார்டன் பார்க்ஸ் 1912இல் கான்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்காட் ஊரில், பதினைந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். பதின்வயதில் தாயை இழந்தார். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் பரிமாறும் வேலை செய்தபோது, பயணிகள் விட்டுச்சென்ற பத்திரிகை ஒன்றில் நாடோடியாக அலைந்த விவசாயக் கூலிகளின் படங்களைப் பார்த்தார். பிறகு சியாட்டில் நகரத்து அடகுக்கடை ஒன்றில் பழைய கேமராவை வாங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. புகைப்படக்கலையை எந்தப் பள்ளியிலும் படித்தவரல்ல.

அடகுக்கடைக் கேமராவின் பெயர் வாய்க்ட்லேண்டர் பிரில்லியன்ட். முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. 120 என்ற ஃபிலிம் சுருள் அதற்குள் போகும். கொடாக் நிறுவனம் 1901இல், இரண்டு டாலர் விலையுள்ள பிரவுனி பெட்டிக் கேமராவுக்காகக் கொண்டுவந்த சுருள் அது. இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் எடுத்தால் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். இதே இரட்டை லென்ஸ் வகையில் ஜெர்மனியின் ஃபிராங்கே-ஹைடெக்கே நிறுவனம் 1929இல் கொண்டுவந்த ரோலிஃப்ளெக்ஸ் உலகப் புகழ்பெற்றது. நம் ஊர்க் கல்யாண ஸ்டூடியோக்களில் இருந்த யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராக்கள் அதன் ஜப்பானியச் சொந்தங்கள்.

மூடப்பட்ட ஸ்டூடியோ ஒன்றிலிருந்து அப்படியொரு யாஷிகாவை நாங்கள் வாங்கினோம். வாங்கியபோது அது அலங்காரப் பொருள்தான். ஃபிலிம் போட்டுப் பழகிய பிறகே அதன் குணம் பிடிபட்டது. கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்கும் கேமரா அல்ல அது. வயிற்றருகே வைத்து, தலையைக் குனிந்து, மேலே உள்ள கண்ணாடித் தகட்டைப் பார்க்கவேண்டும். அதில் இடது வலமாகவும் வலது இடமாகவும் தெரியும். இடப்பக்கம் போகிற குழந்தை தகட்டில் வலப்பக்கம் ஓடும். பழக்கமில்லாதவர் எதிர்த்திசையில் கேமராவைத் திருப்பி ஆளையே தவறவிடுவார். ஷட்டர் ஓசை நகம் சொடுக்கும் அளவுதான். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு ஃபிலிமைச் சுற்றவேண்டும். பன்னிரண்டு முடிந்தால் நிழலில் ஒதுங்கி, காகித முதுகுள்ள புதுச் சுருளை மாட்டவேண்டும். இந்த நேரமெல்லாம் எதிரில் இருப்பவர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நம் முகம் கருவிக்குப் பின்னால் ஒளிந்திருக்காது. அவர் பேச்சுக்கொடுத்தால் நிமிர்ந்து பதில் சொல்லியாக வேண்டும்.

தலைகுனிவது என்றால் நம் தெருக்காரர்களுக்கு வேறொன்று ஞாபகத்துக்கு வரும். இங்கே குனிவது கேமராவை வைத்திருப்பவர். வயிற்றளவிலிருந்து எடுத்த படத்தில் எதிரில் நிற்பவர் சற்று உயர்ந்து தெரிவார். சிறுபிள்ளைகள் அவர்களுடைய உயரத்திலேயே இருப்பார்கள். கருவியே கண்ணியத்தைத் தந்துவிடும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஃபேஷன் பத்திரிகைக்காரர்களும் இதே கேமராவைத்தான் வைத்திருந்தார்கள். பார்க்ஸே அந்த வேலையும் செய்தவர்தான்.

1942இல் வாஷிங்டனில் ஓர் அரசு அலுவலகத்தைப் பெருக்கிய கறுப்பினப் பெண்ணை, அமெரிக்கக் கொடிக்கு முன் துடைப்பத்தோடு நிற்கவைத்து எடுத்தார் பார்க்ஸ். அவருடைய படங்களில் மிகவும் பேர்பெற்றது அதுதான். பலரும் பேசாத ஒன்று உண்டு. அந்த ஒரு படத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் போய், பேரக்குழந்தைகளோடு அவர் இருப்பதையும் தொடர்ந்து எடுத்தார். துடைப்பம் பிடித்த கைக்கு வீட்டில் வேறு வேலைகளும் இருந்தன.

1948இல் ‘லைஃப்’ பத்திரிகையில் சேர்ந்தார். அங்கே நிரந்தரப் பணியில் அமர்ந்த முதல் கறுப்பினப் புகைப்படக்காரர் அவர்தான்.

1956க்கு வருவோம். அதற்கு முந்தைய ஆண்டு மிசிசிப்பியில் பதினான்கு வயது எம்மெட் டில் கொல்லப்பட்டான். சவப்பெட்டியை மூடக் கூடாது என்று அவன் தாய் முடிவெடுத்தார். சிதைந்த முகத்தின் படம் ‘ஜெட்’ இதழில் வெளியானது. டிசம்பரில் மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. அது நடந்துகொண்டிருந்தபோதே, அலபாமாவின் நிறப் பிரிவினையைப் படமெடுக்க ‘லைஃப்’ பார்க்ஸை அனுப்பியது. ஒரு கறுப்பர் கேமராவோடு அங்கே சுற்றுவது உயிருக்கு ஆபத்தான வேலை.

ரத்தமும் கூட்டமும் போலீஸ் நாயும் கொண்ட படங்களைத் தேடி அவர் போகவில்லை. மொபைல் நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் ஒரே பெரிய குடும்பத்தின் கிளைகளைப் பின்தொடர்ந்தார். பெரும்பாலானவை 120 ஃபிலிமில் எடுத்த சதுரப் படங்கள், அதுவும் வண்ணத்தில். ஒரு படத்தில் வயதான தம்பதி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பின்சுவரில் சட்டமிட்ட பழைய படம், முன்னாலுள்ள மேசைக் கண்ணாடிக்கு அடியில் குடும்பப் படங்கள். இன்னொன்றில் கம்பிவலை வேலிக்கு இந்தப்பக்கம் ஆறு கறுப்பினப் பிள்ளைகள், அந்தப்பக்கம் வெள்ளையருக்கு மட்டுமான விளையாட்டுத் திடல். பிள்ளைகளின் முதுகுதான் நமக்குத் தெரிகிறது. அவர்கள் பார்ப்பதை அவர்கள் உயரத்திலிருந்தே நாமும் பார்க்கிறோம்.

மூன்றாவது படத்தின் முன் நாங்கள் வெகுநேரம் நின்றிருக்கிறோம். கடைவாசல். வெளிர்நீல உடையில் ஒரு பெண், பக்கத்தில் வெள்ளை உடையில் ஒரு சிறுமி. தலைக்கு மேல், கறுப்பருக்கான வாசல் இது என்று அறிவிக்கும் சிவப்பு நியான் பலகை. பெண்ணின் உள்ளாடைப் பட்டி ஒன்று தோளிலிருந்து நழுவியிருக்கிறது. இவ்வளவு பார்த்துப் பார்த்து உடுத்தியவர் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பலகை இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக் குடும்பப்படம் என்றே நினைப்போம். முடிதிருத்தும் கடையும் தேநீர்க்கடையும் நமக்குக் காட்டியது இதைத்தான்: தீண்டாமை பெரும்பாலும் அமைதியாகவே நடக்கிறது. கத்தி தூக்கும் நாளைவிட, தனிக்குவளை கழுவி வைக்கும் நாட்கள் அதிகம்.

வண்ணத்துக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. கொடாக் நிறுவனம் படம் அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தவர் ஒரு வெள்ளைப் பெண். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவருடைய தோல் சரியாக வந்தால் நிறம் சரி. கறுத்த முகங்கள் துலங்காமல் போவது பல காலம் யாருக்கும் குறையாகப் படவில்லை. சாக்லேட் தயாரிப்பாளர்களும் மரச்சாமான் தயாரிப்பாளர்களும் தங்கள் பொருட்களின் பழுப்பு நிறங்கள் படத்தில் பிரிந்து தெரியவில்லை என்று புகார் சொன்ன பிறகே ஃபிலிம் திருத்தப்பட்டது என்பதைக் கனடா ஆய்வாளர் லோர்னா ராத் எடுத்துக்காட்டியிருக்கிறார். கருவிக்குச் சாதி இல்லை என்பவர்களுக்கு இதை நினைவூட்டலாம். அலபாமா வெயிலில், வெள்ளை உடையையும் கறுத்த கன்னத்தையும் ஒரே சதுரத்தில் கெடாமல் கொண்டுவர பார்க்ஸ் எவ்வளவு ஒளியை அளந்திருப்பார் என்பது ஸ்லைடு ஃபிலிமில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் அந்த ஃபிலிம் மன்னிக்காது.

1956 செப்டம்பர் 24 இதழில் கட்டுரை வெளியானது. இருபதாவது நாள் நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றாலும், அந்த ஆண்டின் நாட்காட்டியைப் புரட்டும்போதெல்லாம் இதைக் கடந்துபோக எங்களால் முடிவதில்லை.

இதழ் அலபாமாவுக்குத் திரும்பி வந்தது. படங்களில் இருந்த ஒரு பெண் பள்ளி ஆசிரியை. பிரிவினையைப் பற்றித் தன் மனதில் பட்டதைச் சொல்லியிருந்தார். அவருடைய வேலை போனது. மரம் வெட்டிப் பிழைத்த அவர் கணவரின் தொழிலும் முடக்கப்பட்டது. குடும்பமே ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பார்க்ஸ் நியூயார்க் திரும்பிவிட்டார். படத்தில் இருந்தவர்கள் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். அவரைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை, அவரும் உயிரைப் பணயம் வைத்தவர்தான். ஆனால் அந்த விலையை யார் கட்டினார்கள் என்பதை விட்டுவிட்டு அந்தப் படங்களைப் புகழ எங்களுக்கு மனம் வரவில்லை.

‘லைஃப்’ அச்சிட்டது ஒரு பகுதியைத்தான். மிச்சமிருந்த ஸ்லைடுகள் காணாமற்போய்விட்டதாகவே கருதப்பட்டது. 2006இல் பார்க்ஸ் இறந்தார். 2012இல் அவர் பெயரிலான அறக்கட்டளையினர், பெட்டி ஒன்றின் அடியில் 200க்கும் மேற்பட்ட ஸ்லைடுகளைக் கண்டெடுத்தார்கள். காகிதத்தில் சுற்றி, ஒட்டி, பெயரெழுதி வைத்திருந்தது. கடைவாசல் படத்தை இன்று உலகம் அறிந்திருப்பது பெரும்பாலும் அந்தப் பெட்டியால்தான்.

எங்கள் யாஷிகாவைப் பற்றிய ஒரு செய்தி மிச்சமிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் உண்மை அறியும் குழுவோடு ஒரு கிராமத்துக்குப் போனபோது அதையும் எடுத்துச் சென்றோம். மூன்று சுருள். உடைந்த ஓடு, கருகிய தானியம், கட்டுப்போட்ட கை. நடந்ததைத் துணிந்து சொன்ன ஓர் அம்மாவின் படத்தை அறிக்கையின் அட்டையில் போட்டோம். அதன்பிறகு அவரை யாரும் வயல்வேலைக்குக் கூப்பிடவில்லை. அறிக்கையில் இதைச் சேர்க்க இடமில்லை, அது அச்சாகிவிட்டிருந்தது.

ஓராண்டு கழித்து அந்தத் தெருவுக்குப் போனோம். அவர் எங்களைத் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்: “அன்னிக்கு அத்தினி படம் எடுத்தீங்களேப்பா, நான் நல்லா இருக்கிற மாதிரி ஒண்ணு இருக்கா? பேத்திக்குக் கல்யாணம், வீட்ல மாட்டணும்.”

முப்பத்தாறு நெகட்டிவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒன்றுகூட இல்லை. கேமராவில் ஃபிலிம் இருந்தது. திண்ணையில் உட்காரச் சொன்னோம். அவர் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். பேத்தியையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார். தகட்டில் அவர்கள் இடம்வலம் மாறித் தெரிந்தார்கள். பன்னிரண்டு படமும் தீரும்வரை எடுத்தோம்.